காட்டுக்குள் ஒரு புகைப்புரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில், ரோட்டை விட்டு மேலே ஏறினால், ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கும் சரிவில் பழைய தோட்டம் ஒன்றின் மிச்சம் கிடக்கிறது. ரப்பர் பாலைத் தகடாக்கும், அதாவது ஷீட் அடிக்கும் புரை (கொட்டகை), பக்கத்தில் அந்த ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரை, கீழே ஓடைக்கரையில் தொழிலாளர்கள் குடியிருந்த இரண்டு வரிசை லயன் வீடுகள். ஆளில்லாமல் போய்ப் பல வருடமாகிறது. சின்ன வயதில் அங்கே பால் வெட்டிய பெரியவர் ஒருவரோடு போயிருந்தேன். புரையின் சுவரைக் கவ்விக்கொண்டு நின்ற கல்லிச்சி மரத்தைக் காட்டி, "இந்த மரந்தானே சுவரச் சாய்ச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"இல்ல மக்களே. மொதல்ல மழைதான் உள்ள வந்தது. மரம் பொறவுதான் ஏறிச்சு" என்றார்.

அவர் சொன்ன வரிசை அறிவியல்படியும் சரி. கைவிட்ட கட்டடத்தைக் காடு விழுங்கிவிட்டது என்று சொல்லிப் பழகிவிட்டோம். பெரும்பாலான வேலையைத் தண்ணீர் முடித்த பிறகுதான் மரம் வருகிறது.

அதற்கு முன்னால், இவ்வளவு உள்ளே எதற்கு ஒரு ஆலை? ரப்பர் பாலின் குணம்தான் காரணம். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளின் வழிவந்த மரங்கள்தான் ஆசியா முழுக்கப் பரவி, திருவிதாங்கூர் மலைகளுக்கும் வந்தன. விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். அப்போது பட்டையைச் சீவினால் பால் நன்றாக ஓடும். ஆனால் சிரட்டையில் விழுந்த பாலில் நுண்ணுயிரிகள் பெருகி அமிலத்தை உண்டாக்க, சில மணி நேரத்திலேயே அது தானாகக் கட்டத் தொடங்கும். அதற்குள் புரைக்குக் கொண்டுவந்து வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட் அடிக்க வேண்டும். அதனால் வெட்டுகிற இடத்திலேயே ஆலை, ஆலை இருக்கிற இடத்திலேயே குடும்பங்கள். அம்மோனியா கலந்தால் பால் கட்டாமல் நிற்கும். ரோடும் லாரியும் வந்த பிறகு, அதைப் பீப்பாயில் ஏற்றித் தூரத்து ஆலைக்கே அனுப்பிவிடலாம். காட்டுக்குள் இருந்த சின்னப் புரைகளின் தேவை அப்படிக் குறைந்தது.

சரி, ஆட்கள் போய்விட்டார்கள். கட்டடத்துக்கு என்ன நடக்கிறது?

முதல் காயம் கூரையில். ஓட்டுக்கூரைக்கு வருடம் ஒருமுறை யாராவது ஏறி, உடைந்த ஓட்டை மாற்றி, நகர்ந்ததைச் சரிசெய்ய வேண்டும். அது நின்றுபோனால், குரங்கு நகர்த்திய ஒரே ஒரு ஓடு போதும். அந்த இடைவெளி வழியாக ஒழுகும் நீர், ஓட்டைத் தாங்கும் மரச்சட்டங்களான பட்டியலையும் கழுக்கோலையும் நனைக்கிறது. மரத்தில் உள்ள ஈரம் அதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை மக்க வைக்கும் பூஞ்சையால் வளர முடியாது. 30 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் அதற்குக் கொண்டாட்டம்தான். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் நனைந்த கழுக்கோல் நன்றாகக் காய்வதற்குள் அக்டோபர் மழை வந்துவிடும். தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளில் பல காலம் தாங்கக்கூடிய கூரை இங்கே வேகமாக விழுவதற்கு இதுவே காரணம். பூஞ்சை மென்மையாக்கிய மரத்தைக் கரையான் வந்து முடித்துவைக்கும்.

கூரை விழுந்த அன்றுதான் சுவரின் தலை திறக்கிறது. என் பார்வையில், ஒரு கட்டடத்தின் உண்மையான சாவு அந்த நாள்தான்.

பழைய சுவர்களின் கல்லைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புக் காரை. சிப்பியையோ சுண்ணாம்புக்கல்லையோ ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். அதைத் தண்ணீர் விட்டு நீற்றிக் காரையாக்கிப் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகும். இறுகிய காரை நனையாமல் இருந்தால் நூற்றாண்டுகள் நிற்கும். ஆனால் மழைத்துளி வரும் வழியில் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. திறந்த சுவரின் தலையில் இறங்கும் அந்த நீர், காரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கீழே எடுத்துப்போகிறது. புரையின் சுவரில் வெள்ளைத் தாடி போல வழிந்திருந்ததைத் தொட்டுப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது. மேலே கல்லுக்கு நடுவிலிருந்து போன காரைதான் கீழே படிந்து மறுபடியும் கல்லாகியிருந்தது.

இப்படிப் பசை போன இடுக்கில்தான் கல்லிச்சி முளைக்கிறது. ஆல், அரசு, இச்சி எல்லாம் ஒரே குடும்பம். பழத்தைத் தின்ற பறவை சுவரில் எச்சமிடும். உள்ளே இருக்கும் விதை கடுகைவிடச் சின்னது. மற்ற மரங்களுக்கு மண் வேண்டும். இவை பாறை வெடிப்பிலும் வேறு மரத்தின் கவட்டையிலும் முளைத்தே பழகியவை. ஈரம் தங்கும் பழைய சுவர் இவற்றுக்கு இன்னொரு பாறைதான். வளரும் வேரின் நுனி, செல்களுக்குள் நிறையும் நீரின் அழுத்தத்தால் முன்னேறுகிறது. அது காற்றழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு வரைகூடப் போகலாம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிடப் பல மடங்கு. நல்ல காரை உள்ள சுவரில் அதற்கு வழி கிடைக்காது. கரைந்த சுவரில் கிடைக்கிறது. உள்ளே போன வேர் வருடா வருடம் தடிக்கும்போதுதான் கல் விலகுகிறது. அதே வேர் பின்னாளில் வலைபோல் பின்னிக் கற்களைத் தாங்கவும் செய்யும். புரையின் கிழக்குச் சுவர் இன்று நிற்பதே அந்த மரத்தின் பிடியில்தான். மரத்தை வெட்டினால் வேர் மக்கும்போது சுவரும் சேர்ந்து இறங்கும்.

ஷீட் அடிக்கும் உருளைகள் துருவேறி இறுகிக் கிடந்தன. பக்கத்தில் மூடியில்லாத கிணறு ஒன்று புதருக்குள் மறைந்திருந்தது. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்கள் வனத்துறையிடம் கேட்டுவிட்டு, இடம் தெரிந்த ஒருவரோடு போங்கள்.

என்னை அதிகம் வியக்க வைத்தது புகைப்புரை. புரையின் கூரை முழுவதும் போயிருக்க, பத்தடி தள்ளி இதன் உத்திரங்கள் கரியாய்க் கறுத்து அப்படியே நின்றன. ஈர ஷீட்டுகளைக் கழியில் தொங்கவிட்டு, 50 முதல் 60 டிகிரி வெப்பத்தில் மூன்று நான்கு நாள் விறகுப்புகை போடுவார்கள். சூடு ஈரத்தை எடுக்கும். புகையில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்கள் ரப்பரில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும். அந்தப் புகை ஷீட்டை மட்டும் பார்த்தா படியும்? வருடக்கணக்காக உத்திரத்திலும் கழுக்கோலிலும் தார் போலப் படிந்திருக்கிறது. கருவாட்டையும் பரணில் தொங்கும் விதைச்சோளத்தையும் அடுப்புப்புகை காப்பது இதே வழியில்தான். தடித்த சுவரும் சின்னச் சின்னத் துவாரங்களும் உதவியிருக்கும். ஆனாலும் இந்தக் கூரை பிழைத்ததில் புகைக்கே பெரிய பங்கு என்று நம்புகிறேன்.

லயன் வீடுகள் மண்சுவர். கூரை போனதும் கரைந்து நீளமான மேடாகிவிட்டன. கண்ணுக்குத் தெரிவது ஒரே நேர்கோட்டில் போகும் அடித்தளக் கற்கள் மட்டும். மண்ணுக்குள் இன்னொரு பதிவும் உண்டு. அடுப்புச் சாம்பல், எலும்பு, மீன்முள், எச்சில் எல்லாவற்றிலிருந்தும் பாஸ்பரஸ் சேர்கிறது. இரும்பும் அலுமினியமும் நிறைந்த செம்மண் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். எத்தனை மழை பெய்தாலும் எளிதில் விடாது. தொல்லியலாளர்கள் மண்ணை எடுத்து பாஸ்பேட் அளவைச் சோதித்தே, சுவர் ஒன்றும் மிஞ்சாத இடத்திலும் மனிதர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறார்கள்.

பெரியவருக்கு அந்தச் சோதனை தேவைப்படவில்லை. வரிசையாகச் செம்பருத்தி, ஒரு மாமரம், காந்தாரி மிளகாய்ச் செடிகள் என்று பார்த்துக்கொண்டே நடந்தவர் ஒரு கறிவேப்பிலைப் புதர் முன்னால் நின்றார். ஒற்றைச் செடியாக வைத்தது, வேரிலிருந்து கன்று விட்டு விட்டு மேடு முழுக்கப் பரவியிருந்தது. "இதுதான் எங்க அடுக்களை வாசல். அம்மா வச்சது" என்றார். நாலு இணுக்கு ஒடித்து வேட்டி மடியில் கட்டிக்கொண்டு இறங்கினார்.