குழந்தைக்கு எலும்பில் டிபி வந்தால் அரசிடமிருந்து என்னென்ன கிடைக்கும்?

டிபி என்றாலே இருமலும் சளியும்தான் நினைவுக்கு வருகின்றன. எலும்பு டிபி வந்த குழந்தைக்கு இருமலே இல்லாமல் இருக்கலாம். கீழே கிடக்கும் பொருளை எடுக்கக் குனியாமல், முதுகை நேராக வைத்தபடி முழங்காலை மடக்கி உட்காருகிறதா? நொண்டுகிறதா? தூக்கத்தில் வலியால் அலறுகிறதா? எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும். பாதித்த இடத்திலிருந்து சீழோ திசுவோ எடுத்து, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை செய்வார்கள். எலும்பில் கிருமிகள் குறைவாகவே இருக்கும் என்பதால், இதில் 'இல்லை' என்று வந்தாலும் டிபி இல்லை என்று விட்டுவிட முடியாது.

தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் நுரையீரல் டிபிக்குப் போலவே எலும்பு டிபிக்கும் மருந்து இலவசம். சிறு குழந்தைகளுக்குத் தண்ணீரில் கரையும் மாத்திரை உண்டு. அளவு எடையைப் பொறுத்தது; எனவே ஒவ்வொரு முறை போகும்போதும் எடை பார்க்கச் சொல்லுங்கள். நுரையீரல் டிபிக்கு வழக்கமாக 6 மாதம், எலும்புக்கு 12 மாதம். சிலருக்கு 18 மாதம் வரை நீளும். வலி போய்விட்டது, பக்கத்து வீட்டுக்காரர் ஆறே மாதத்தில் முடித்துவிட்டார் என்று யார் சொன்னாலும், மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

அப்புறம் பணம். நிக்சய் ஊட்டச்சத்துத் திட்டத்தில் சிகிச்சைக் காலத்துக்கு மாதம் 1000 ரூபாய் உண்டு; 2024 நவம்பருக்கு முன் 500. தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் கிடைக்கும். ஆனால் டிபி நோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்சய் இணையதளத்தில் குழந்தையின் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். டிபி நோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயம். எனவே பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்டு வாங்கி, வங்கி விவரத்தைக் கொடுங்கள். பணம் வராவிட்டால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

வீட்டிலுள்ள எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குக் கிருமி பெரும்பாலும் நுரையீரல் டிபி உள்ள பெரியவர் ஒருவரிடமிருந்தே வந்திருக்கும். எலும்பில் மட்டும் டிபி உள்ள குழந்தையிடமிருந்து மற்றவருக்கு அது காற்றில் பரவாது. பள்ளியில் யாராவது ஒதுக்கினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

முதுகெலும்பு டிபி என்றால் மருந்து முடிந்த பிறகும் எலும்பு மருத்துவரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நோய் குணமானாலும், வளர வளர முதுகின் வளைவு கூடக்கூடும். வளர்ச்சி நிற்கும்வரை இந்தக் கண்காணிப்பு தேவை.