கணினியால் சொல்ல முடியாத ஒரு டைல்ஸ் கணக்கு

தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் தரையில் பதிக்கிற டைல்ஸைப் பற்றி எதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? ஹாவ் வாங் உடைத்துக்கொண்டார். அதுவும் வீடு கட்டுவதற்காக இல்லை, கணிதத் தேற்றங்களைக் கணினியே நிரூபித்துவிடுமா என்று பார்ப்பதற்காக.

வாங் 1921-ல் சீனாவின் ஜினான் நகரத்தில் பிறந்தவர். ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்த சமயம், மூன்று பல்கலைக்கழகங்கள் தெற்கே குன்மிங்குக்கு இடம் பெயர்ந்து ஒன்றாக இயங்கின, அங்கேதான் கணிதம் படித்தார். அப்புறம் தத்துவத்தில் முதுகலை. 1946-ல் ஹார்வர்டுக்குப் போனார், 1948-ல் குவைனிடம் முனைவர் பட்டம் முடித்தார். குவைன் அன்றைய தர்க்கவியலில் பெரிய கை. அவர் கட்டியிருந்த ஒரு தர்க்க அமைப்புக்குள் முரண்பாடு ஒளிந்திருப்பதை ரோஸர் என்பவர் 1942-ல் காட்டியிருந்தார். அதைச் சரிசெய்து கொடுத்தது மாணவர் வாங். இதே மாணவர் பிற்காலத்தில், அதாவது 1985-ல், குவைனின் தத்துவப் போக்கையே விமர்சித்துத் தனிப் புத்தகம் எழுதினார் என்பது வேறு கதை.

1958 கோடையில் ஐபிஎம் 704 என்ற கணினியில் வேலை செய்ய அவருக்கு வாய்ப்பு கிடைத்தது. ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய 'பிரின்கிபியா மேத்தமேட்டிகா' என்ற தர்க்க நூலின் தொடக்க அத்தியாயங்களில் 'அல்லது', 'இல்லை', 'என்றால்' போன்ற சொற்களை மட்டும் வைத்து உருவான சுமார் 220 தேற்றங்கள் உண்டு. வாங்கின் நிரல் அத்தனையையும் 37 நிமிடத்தில் முடித்துவிட்டது. அந்த 37 நிமிடத்திலும் பெரும்பகுதி உள்ளே வாசிப்பதற்கும் வெளியே அச்சடிப்பதற்கும் போனதுதான், நிரூபிக்க ஆன நேரம் 3 நிமிடத்துக்கும் குறைவு. இரண்டு வருஷம் முன்னால் நியூவெல், ஷா, சைமன் மூவரும் எழுதிய பிரபலமான நிரல் 52 தேற்றங்களில் 38-ஐ நிரூபித்திருந்தது. மனிதனைப் போல ஊகித்து ஊகித்துப் போவது அவர்கள் வழி. வாங் அந்தப் பக்கமே போகவில்லை. தேற்றம் பொய் என்று வைத்துக்கொள், அப்படியானால் அதற்குள் இருக்கும் துண்டுகளில் எது மெய்யாக இருக்க வேண்டும், எது பொய்யாக இருக்க வேண்டும் என்று உடைத்துக்கொண்டே போ, எல்லாக் கிளையிலும் ஒரே துண்டு மெய்யாகவும் பொய்யாகவும் இருக்க வேண்டிய இக்கட்டு வந்தால் 'பொய்' என்று நினைத்ததே தப்பு, தேற்றம் சரி. ஒவ்வொரு உடைப்பிலும் வாக்கியம் சிறுத்துக்கொண்டே போவதால் வேலை எப்படியும் ஒரு இடத்தில் முடிந்துவிடும். ஜெர்மானியர் கென்ட்சன் 1930-களில் போட்டுவைத்த பாதை இது.

சரி, இதோடு கதை முடியவில்லை. 'எல்லோருக்கும்', 'யாரோ ஒருவருக்கு' என்ற சொற்கள் உள்ளே வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அப்படிப்பட்ட வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் 'சரி / தப்பு' என்று தீர்ப்பு சொல்லும் ஒரு பொதுமுறை கிடையவே கிடையாது என்று தர்க்கவியலாளர்கள் அலோன்ஸோ சர்ச்சும் ஆலன் டூரிங்கும் 1936-லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் சில வகை வாக்கியங்களுக்கு முறை இருந்தது. 'ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு, அது எல்லாவற்றோடும் இப்படி இப்படி உறவு கொண்டது' என்ற ஒரு வகைக்கு மட்டும் முறை உண்டா இல்லையா என்று யாருக்கும் பிடிபடவில்லை. அதை வாங் நோண்டிக்கொண்டே போனபோது, வாக்கியமெல்லாம் உதிர்ந்து, கடைசியில் கையில் நின்றது டைல்ஸ் பதிக்கிற கேள்வி. 1961-ல் அதை வெளியிட்டார்.

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் பெட்டியைப் பிரித்ததும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே ஒரு அம்புக்குறி இருக்கும். "அம்பெல்லாம் ஒரே பக்கம் பாக்கணும் அண்ணாச்சி, இல்லன்னா டிசைன் ஓடாது" என்பார்கள். வாங்கின் டைலுக்கும் இதே சட்டம்தான். சதுரமான டைல், நான்கு விளிம்பிலும் நான்கு நிறம். திருப்பக் கூடாது, புரட்டக் கூடாது. பக்கத்தில் வரும் டைலின் விளிம்பும் இதன் விளிம்பும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். வகைகள் குறிப்பிட்ட எண்ணிக்கைதான், ஆனால் ஒவ்வொரு வகையிலும் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கேள்வி இவ்வளவே: கையில் இருக்கிற வகைகளை வைத்து, மேற்கே பொதிகை மலையைத் தாண்டி, கிழக்கே தூத்துக்குடிக் கடலையும் தாண்டி, எல்லையே இல்லாத தரையை இடைவெளி இல்லாமல் மூட முடியுமா?

'முடியாது' என்பதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 2-க்கு 2, 3-க்கு 3, 4-க்கு 4 என்று சதுரங்களைப் பெரிதாக்கிக்கொண்டே எல்லா வகையிலும் பதித்துப் பாருங்கள். முடிவில்லாத தரையை மூட முடியாது என்றால், ஏதோ ஒரு அளவுச் சதுரத்திலேயே கண்டிப்பாக மாட்டிக்கொள்வோம். இதுவும் ஒரு தேற்றம்தான். 'முடியும்' என்பதைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு: பதிக்கிறபோது எங்காவது ஒரு செவ்வகத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒன்றாகி, இடதும் வலதும் ஒன்றாகிவிட்டால், அந்தச் செவ்வகத்தையே திரும்பத் திரும்ப வைத்து உலகத்தையே மூடிவிடலாம். தரையை மூட முடிகிற எந்தத் தொகுப்புக்கும் இப்படித் திரும்ப வருகிற செவ்வகம் ஒன்று கிடைத்தே தீரும் என்று வாங் ஊகித்தார். ஊகம் சரியாக இருந்தால் இரண்டு தேடலையும் ஒன்றாக ஓட விடலாம், ஏதாவது ஒன்று கட்டாயம் நிற்கும், கணினி பதில் சொல்லிவிடும்.

ஊகம் தப்பு. உடைத்தது அவரிடமே முனைவர் பட்டத்துக்குப் படித்த ராபர்ட் பெர்கர். தரையை மூடும், ஆனால் மொத்தப் பதிப்பும் சீரான இடைவெளியில் திரும்பவே வராது, அப்படி ஒரு தொகுப்பை அவர் கட்டிக் காட்டினார். 1966-ல் வெளியான அந்தத் தொகுப்பில் 20,426 வகை டைல்கள்! எந்தக் கடையிலும் அவ்வளவு சாம்பிள் இருக்காது.

எப்படி என்பதுதான் முக்கியம். டைல்ஸ் கணக்குப் போடும். கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், நாலே நாலு வகை டைல் போதும். ஒவ்வொரு டைலிலும் கீழ்விளிம்பில் பழைய இலக்கம், வலது விளிம்பில் பக்கத்திலிருந்து வருகிற 'கூட்டு', மேல்விளிம்பில் புதிய இலக்கம், இடது விளிம்பில் அடுத்த கட்டத்துக்குத் தள்ளுகிற 'கூட்டு'. கீழே 0, வலதில் 0 என்றால் மேலே 0, இடதில் 0. கீழே 1, வலதில் 0 என்றால் மேலே 1, இடதில் 0. கீழே 0, வலதில் 1 என்றால் மேலே 1, இடதில் 0. கீழே 1, வலதில் 1 என்றால் மேலே 0, இடதில் 1. இப்போது கீழ் வரிசையில் 0111 என்று எழுதி, வலது ஓரத்தில் 1-ஐக் கொடுத்து, வலமிருந்து இடமாகப் பதித்துப் பாருங்கள். முதல் மூன்று இடங்களிலும் கடைசி வகை டைல்தான் பொருந்தும், மேலே 0 விழும், 1 இடது பக்கம் தள்ளப்படும். நான்காவது இடத்தில் மூன்றாவது வகை உட்காரும், மேலே 1. வரிசை முடிந்ததும் மேல்விளிம்பில் நிற்பது 1000. இரும எண்ணில் 7-ஓடு 1-ஐக் கூட்டி 8 வந்துவிட்டது, விளிம்பில் நிறம் பார்த்து ஒட்டியதைத் தவிர நாம் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு மேல் இன்னொரு வரிசை பதித்தால் 9.

கூட்டல் மட்டும் இல்லை, டூரிங் காகிதத்தில் வகுத்த கணினி எதுவானாலும் இப்படி டைல்ஸில் இறக்கிவிடலாம். ஒரு வரிசை என்பது கணினியின் ஒரு நொடி, அதற்கு மேல் வரிசை அடுத்த நொடி. எதையும் அழிக்கத் தேவையில்லை, பழைய நொடியெல்லாம் கீழே அப்படியே கிடக்கும். (அழிக்கவே முடியாத, எழுத மட்டுமே தெரிந்த கணினியாலும் எல்லாக் கணக்கும் போட முடியும் என்று வாங் 1957-லேயே ஒரு கட்டுரையில் காட்டியிருந்தார், அவர் மண்டை ஓடிய திசை அது.) கணினி வேலை முடித்து நின்றுபோனால், அதற்கு மேல் வைக்க டைல் கிடைக்காதபடி செய்துவிடலாம். ஆக, தரை மூடுமா என்ற கேள்வியும் இந்த நிரல் எப்போதாவது நிற்குமா என்ற கேள்வியும் ஒன்றாகிவிடுகிறது. ஒரு நிரல் நிற்குமா நிற்காதா என்று எல்லா நிரலுக்கும் சொல்லும் முறை கிடையாது என்பது 1936 முடிவு.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எதுவுமே எழுதாத வெற்று டைல்களை மட்டும் பரப்பி ஏமாற்றிவிட்டால்? முதல் டைல் இதுதான் என்று கட்டாயப்படுத்தினால் ஓட்டை அடைபடும், ஆனால் வாங்கின் கேள்வியில் அந்தக் கட்டாயம் இல்லை. பெர்கரின் சாமர்த்தியம் இங்கேதான். சதுரத்துக்குள் சதுரம், அதைவிடப் பெரிய சதுரம், அதையும் விடப் பெரியது என்று ஓயாமல் பெரிதாகிக்கொண்டே போகும் சட்டங்கள் தாமாகவே தரையில் உருவாகிற மாதிரி நிறங்களை அமைத்து, ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் கணினி முதல் நொடியிலிருந்து தொடங்கியே ஆக வேண்டும் என்று வைத்தார். நிரல் என்றாவது நிற்குமானால், போதிய அளவு பெரிய சட்டம் ஒன்றில் பதிப்பு உடைந்துவிடும். சட்டங்களின் அளவுக்கு உச்சவரம்பே இல்லாததால் மொத்தப் பதிப்பும் சீராகத் திரும்ப வரவும் வழியில்லை. தரை மூடுமா என்று சொல்லும் பொதுமுறை கிடையாது, வாங்கின் ஊகமும் தப்பு, ஒரே அடியில் இரண்டு விடை! தர்க்கத்தில் வாங் தேடிய அந்த வாக்கிய வகைக்கும் 1962-லேயே முடிவு தெரிந்துவிட்டது. அவரும் கார், மூர் ஆகிய இருவரும் சேர்ந்து, டைல்ஸை வைத்தே, அதற்கும் பொதுமுறை கிடையாது என்று நிரூபித்தார்கள்.

வாங்கிடம் படித்த இன்னொருவர் ஸ்டீவன் குக். தேற்றம் நிரூபிக்கிற முறைகள் எவ்வளவு நேரம் தின்னும் என்று குக் 1971-ல் எழுதியதுதான், இன்று கணினி அறிவியல் படிக்கிற பிள்ளைகளை வாட்டி எடுக்கிற என்.பி. முழுமைக்கு (விடையைச் சரிபார்ப்பது சுலபம், கண்டுபிடிக்க வேகமான வழி யாருக்கும் தெரியாது என்ற வகைக் கணக்குகள்) ஆரம்பம்.

அதே காலகட்டத்தில் வாங் பிரின்ஸ்டனில் தர்க்கவியல் மேதை குர்ட் கோடெலைச் சந்தித்து நீண்ட உரையாடல்கள் நடத்திக்கொண்டிருந்தார். கோடெல் கடைசிக் காலத்தில் அநேகமாக எதையும் வெளியிடாதவர், அவர் தத்துவத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு வாங் எடுத்த குறிப்புகளிலிருந்து வந்தது. மனித மனம் எந்த எந்திரத்தையும் மிஞ்சியது, இல்லாவிட்டால் மனிதனால் ஒருக்காலும் தீர்க்க முடியாத கணிதக் கேள்விகள் உண்டு, இந்த இரண்டில் ஒன்றாவது உண்மை என்பது கோடெலின் நிலை. முதலாவதுதான் சரி என்று கோடெல் சாய்ந்தார். வாங் அதைப் பொறுமையாகப் பதிவு செய்தார், ஆனால் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அவரைப் பிடிப்பதற்கு அந்தத் தயக்கமும் ஒரு காரணம். 1995-ல் நியூயார்க்கில் இறந்தார், அந்த உரையாடல்களின் பெரிய தொகுப்பு மறு வருஷம் வந்தது.

டைல்ஸ் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. 1998-ல் எரிக் வின்ஃப்ரீயும் நெட் சீமனும் டி.என்.ஏ. இழைகளைப் பின்னிச் சில நானோமீட்டர் அளவில் டைல் செய்தார்கள். நிறத்துக்குப் பதில் இழையின் நுனி, ஜோடி நுனி கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும், பதிக்க ஆள் வேண்டாம். இன்னொரு பக்கம் திரும்ப வராத தொகுப்புகளின் அளவு சுருங்கிக்கொண்டே வந்தது. பெர்கரே 104-க்குக் கொண்டுவந்திருந்தார், 1996-ல் கரி 14, அதே வருஷம் சூலிக் 13. 2015-ல் பிரான்சில் ஜான்டெல், ராவ் இருவரும் 4 நிறத்தில் 11 டைல் போதும் என்று காட்டினார்கள். அதற்குக் கீழே முடியாது என்பதையும் கணினியை வைத்தே நிரூபித்தார்கள்: 10 அல்லது அதற்குக் குறைவான வகைகள் உள்ள தொகுப்புகளை எடுத்தால், ஒன்று பதிப்பு எங்காவது மாட்டிக்கொள்கிறது, இல்லையென்றால் திரும்ப வருகிற செவ்வகம் கிடைத்துவிடுகிறது. அதாவது 1961-ல் வாங் போட்ட ஊகம் 10 வரைக்கும் சரி.