சாடியில் மல்லிகை: இலை தள்ளுவதும் பூப்பதும் எதனால்?

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் மல்லிகை இல்லாத வளவு குறைவு. காத்தான்குடி, கல்முனை போல வீடுகள் நெருங்கிய ஊர்களில் அது நிலத்தை விட்டுச் சாடிக்கும் பழைய பெயின்ற் வாளிக்கும் ஏறிவிட்டது. கன்று வாங்கிய வருடம் நன்றாகப் பூக்கும். அடுத்த வருடம் கொடிபோல நீண்டு இலையாகவே நிற்கும். பசளை போதவில்லை என்று யூரியா போட்டால் இலை இன்னும் தடிக்குமே தவிர மொட்டு வராது.

மல்லிகை முற்றிய கொப்பில் பூக்காது. புதிதாக ஓடிய இளங்கொப்பின் நுனியில்தான் மொட்டு வைக்கும். அந்த நுனியைக் கிட்ட வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று மொட்டுகள் சேர்ந்திருக்கும். நடுமொட்டு முதலில் பருத்து விரியும், பக்கத்து இரண்டும் சில நாள் பிந்தி விரியும். நடுப்பூவை ஆயும்போது காம்போடு கொத்தையே கிள்ளிவிடுகிறவர்கள் மூன்றில் இரண்டு பூவை இழக்கிறார்கள். விரலைப் பூவின் அடியில் கொடுத்து அதை மட்டும் எடுக்க வேண்டும்.

அப்படியானால் பூ வேண்டுமென்றால் புது நுனிகள் வேண்டும். வளரும் நுனி ஓட்சின் என்ற வளர்ச்சிப் பதார்த்தத்தை உண்டாக்கிக் கொப்பு வழியே கீழே அனுப்புகிறது. அது வந்துகொண்டிருக்கும் வரை, கீழே கணுக்களில் இருக்கும் அரும்புகள் உறங்கியே கிடக்கும். நுனியை வெட்டினால் அந்தத் தடை நீங்கும். நுனிக்குப் போன மாச்சத்தும் அரும்புகளுக்குத் திரும்பும். மல்லிகையில் இலைகள் எதிரெதிராக இருப்பதால் ஒரு கணுவில் இரண்டு அரும்புகள். ஒரு கொப்பை வெட்டினால் இரண்டு கொப்பு, இரண்டு நுனி, ஆறு மொட்டு. அந்த இரண்டையும் மறுபடி வெட்டினால் நான்கு நுனி, பன்னிரண்டு மொட்டு. செடி குட்டையாக அடர்ந்து நிற்பதும் நிறையப் பூப்பதும் இந்த ஒரே வெட்டால் வருகிறவைதான்.

பெரிய வெட்டுக்கு நம் பகுதியில் ஏற்ற காலம் தை மாதம். மாரி மழை ஓய்ந்து, மண்ணில் ஈரமிருந்து, வெயில் ஏறத் தொடங்கும் நேரம் அது. சாடிச் செடியை மண்ணிலிருந்து 30 முதல் 40 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குறைக்கலாம். காய்ந்தவை, உள்நோக்கி ஓடியவை, ஈர்க்குப் போல மெலிந்தவை எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். கணுவுக்கு அரைச் சென்ரிமீற்றர் மேலே, கூரான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். அதைவிட உயர்த்தி வெட்டினால் மிஞ்சும் குச்சி காய்ந்து, அழுகல் அதன் வழியே கீழே இறங்கும். தையில் வெட்டினால் பங்குனியில் மொட்டுக் காணும். முதற்பூ ஓய்ந்ததும் ஒவ்வொரு நுனியையும் இரண்டு சோடி இலையோடு எடுத்துவிட வேண்டும். இந்த மென்வெட்டிலிருந்து ஐந்து முதல் ஏழு வாரத்தில் அடுத்த பூ வரும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு வீட்டு மல்லிகையே வேண்டும் என்பவர்கள் சித்திரை முதல் வாரத்தில் இந்த மென்வெட்டை முடித்துவிட வேண்டும்.

வெட்டியும் பூக்கவில்லையென்றால் வெயிலைப் பாருங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழ வேண்டும். விறாந்தை ஓரத்திலோ மாமரத்தடியிலோ வைத்த செடி வெளிச்சத்தைத் தேடி நீளும்; கணுவுக்குக் கணு இடைவெளி கூடும்; நுனி மொட்டு வைக்காமல் ஓடிக்கொண்டே போகும். இதற்குப் பசளை மருந்தல்ல, இடம் மாற்றுவதுதான் மருந்து.

சாடியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூடுதலான கன்றுகள் சாவது அங்கேதான். வாயும் ஆழமும் 30 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், அடியில் சின்னவிரல் நுழையும் அளவில் நான்கு துளைகள் வேண்டும். தண்ணீர் வடியட்டும் என்று அடியில் கல்லும் ஓட்டுத்துண்டும் நிரப்பும் வழக்கம் எங்கும் இருக்கிறது. அது எதிர்மாறாக வேலை செய்கிறது. மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் நீரை இழுத்துப் பிடித்திருக்கும்; மேலே உள்ள மண் முற்றாக நனைந்து ததும்பும்வரை அந்த நீர் கல்லின் பெரிய இடைவெளிக்குள் இறங்காது. எந்தச் சாடியிலும் அடியில் சில சென்ரிமீற்றர் மண் எப்போதும் சொதசொதவென்றிருக்கும். கல்லைப் போட்டால் அந்த ஈரப்படை கல்லின் உயரத்துக்கு மேலேறி வேரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். துளையை மூட ஒரு துண்டு வலை அல்லது கொஞ்சம் தென்னந்தும்பு போதும். சாடியை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் முற்றத்து மண்ணில் பதிந்த சாடியின் துளை அடைபட்டு, வேர் மூச்சின்றி அழுகும். அப்போது இலைகள் மஞ்சளாகிக் கொட்டும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவதும் நடக்கிறது.

மண்கலவை: வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் வயல் மண் களி கூடியது, தனியே போட்டால் சாடியில் கட்டியாகி இறுகும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருப்பதால் அதை ஒதுக்குங்கள். மேல்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு என்று கலந்தால் நீர் வடியும், ஈரமும் நிற்கும். உமிக்கு இங்கே பஞ்சமில்லை, அரிசி ஆலைகளில் குவிந்து கிடக்கிறது. ஆனால் பச்சை உமியை அப்படியே கலந்தால் அதோடு வந்த நெல் முளைக்கும். உமி மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனையும் எடுத்துக்கொள்ளும். உமியைக் கருக்கி, கறுப்பாக இருக்கும்போதே நீர் தெளித்து அணைக்க வேண்டும். வெள்ளைச் சாம்பலாகிவிட்டால் காரத்தன்மை ஏறிவிடும். உமிக்கரிக்குப் பதில் தும்புத்தூள் போடுகிறவர்கள் அதை நல்ல நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை பிழிய வேண்டும். உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தூளில் உப்பு இருக்கும். புதுச் சீமெந்துச் சாடியும் காரம் கக்கும். சில வாரம் நீர் நிரப்பி, அடிக்கடி மாற்றிய பிறகே நட வேண்டும்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஊர்களில் கோடை முற்ற முற்றப் பல கிணறுகள் உவர்க்கும். செடி நீரை எடுத்துக்கொண்டு உப்பைப் பெரும்பாலும் மண்ணிலேயே விட்டுவிடும். ஒவ்வொரு தடவையும் அந்த மீதி சேர்ந்துகொண்டே போகும். மண்நீரில் உப்புக் கூடினால் ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. சாடி விளிம்பில் வெள்ளைப் படிவும், இலை நுனியிலும் ஓரத்திலும் கபிலக் கருகலும் தெரிந்தால் இதுதான் நடக்கிறது. மூன்று வாரத்துக்கொரு தடவை சாடியின் கொள்ளளவில் இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி, துளை வழியே ஓடவிடுங்கள். 15 லீற்றர் வாளியென்றால் 30 லீற்றர். மாரியில் மழையே இந்த வேலையைச் செய்துவிடுகிறது. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் வீசும்போதுதான் கவனம் வேண்டும். மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் சரிந்து வரும்போது சூடேறும் காற்று அது. இலையிலிருந்தும் சாடியிலிருந்தும் நீரை உறிஞ்சிவிடும். அந்த நாட்களில் காலையிலும் மாலையிலும் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து ஊற்ற வேண்டும். கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியில் மேற்கு வெயில் நேரே பட்டால் வேர் வெந்துபோகும். மண்சாடியின் சுவரில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே சூடு குறையும், நீர்தான் கொஞ்சம் கூடத் தேவை.

மஞ்சள் இலையெல்லாம் ஒரே நோயல்ல. அடியிலைகள் முழுதாக மஞ்சளானால் நைதரசன் குறைவு. புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைவு. சுண்ணாம்பு கூடிய கிணற்று நீரால் மண்ணில் இருக்கும் இரும்பு கரையாமல் கிடக்கிறது. இதற்கு ஒரு லீற்றர் நீரில் 5 கிராம் இரும்புச் சல்பேற்றைக் கரைத்து, மாலையில் இலையில் தெளிக்கலாம். யூரியா பெரிய வெட்டுக்குப் பின் அரைத் தேக்கரண்டி, இரண்டு லீற்றர் நீரில் கரைத்து. மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை. மொட்டுக் கண்டதும் நிறுத்திவிட்டு, மூன்று நாள் ஊறிய எள்ளுப் புண்ணாக்குக் கரைசலை (100 கிராமுக்கு ஒரு லீற்றர்) பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றினால் போதும்.

பிற்பகல் மூன்று மணிக்கு வெள்ளையாகப் பருத்து நிற்கும் மொட்டை மோந்து பாருங்கள், வாசம் அநேகமாக இருக்காது. மணம் முன்னமே மொட்டுக்குள் அடைபட்டுக் கிடந்து பிறகு வெளியேறுவதல்ல. அந்தியில் இதழ் விரியும்போதுதான் அதன் கலங்கள் லினலூல், பென்சைல் அசிற்றேற்று முதலிய ஆவியாகும் சேர்வைகளை உண்டாக்கி வெளிவிடுகின்றன. நுண்ணளவில் இன்டோலும் சேர்வதால்தான் அந்த மணத்தில் கனம். இந்த வேலை கொப்பிலிருந்து பறித்த பின்னும் நடக்கும். பின்னேரம் ஆய்ந்து கட்டிய மாலை இரவில் மணப்பதும், சீனாவில் மொட்டைத் தேயிலையோடு கலந்து இரவு முழுக்க வைத்து மல்லிகைத் தேயிலை செய்வதும் இதனால்தான். அன்று விரிய வேண்டிய முழுமொட்டைத்தான் ஆய வேண்டும். பச்சை மாறாத மொட்டைப் பறித்தால் விரியாமலே வாடும்.

பீடைகளில் மூன்றைச் சொன்னால் போதும். மொட்டு ஊதா நிறமாகி, துளையோடும் நூலாம்படையோடும் இருந்தால் உள்ளே மொட்டுப்புழு. துளையின்றி அடி வீங்கிச் சிவந்தால் மொட்டு ஈயின் குடம்பி. இரண்டுக்கும் அந்த மொட்டுகளைத் தினமும் கிள்ளி எரிப்பதுதான் முதல் வேலை. அதன்பின் ஒரு லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயைச் சிறிது சவர்க்காரத்தோடு கலந்து தெளிக்கலாம். கச்சான் காலத்தில் இலை வெளிறிப் புள்ளிபுள்ளியானால் இலையின் அடியில் சிற்றுண்ணி இருக்கும். அதற்கு இரண்டு நாளுக்கொரு தடவை இலையின் அடிப்பக்கத்தில் நீரை வேகமாகப் பீச்சினாலே பெருமளவு அடங்கும்.

இரண்டு வருடத்துக்கொரு தடவை, தை வெட்டோடு சேர்த்துச் செடியை வெளியே எடுத்து, வட்டமாகச் சுற்றிய வேரில் மூன்றிலொரு பங்கை வெட்டிப் புதுக்கலவையில் வையுங்கள். இன்னொரு கன்று வேண்டுமானால் மாரிக்காலத்தில் நீண்ட கொப்பு ஒன்றை வளைத்து, ஒரு கணுவின் அடியில் பட்டையைச் சிறிது சீவி, பக்கத்துச் சாடி மண்ணில் கல்லால் அழுத்திப் பதியம் வைக்கலாம். கொப்பை மெல்ல இழுத்துப் பார்க்கும்போது அசையாமல் பிடித்திருந்தால் வேர் விட்டிருக்கும். தாய்ச்செடிப் பக்கம் வெட்டிப் பிரித்துவிட்டு, ஒரு வாரம் நிழலில் வைத்த பிறகு வெயிலுக்கு எடுக்கலாம்.