மூன்றாம் மாத இரத்தப் பரிசோதனை: எலும்புப்புரை மருந்து வேலை செய்கிறதா?

எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோயான எலும்புப்புரைக்கு மாத்திரை தொடங்கிய சில மாதங்களிலேயே, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்காத நோயாளிகள் குறைவு. டெக்சா ஸ்கேனில் தெரியும் எலும்பு அடர்த்தி ஓராண்டில் சில சதவீதமே மாறும்; அளவீட்டுப் பிழையும் ஏறக்குறைய அதே அளவு வரக்கூடும் என்பதால், அவசரப்பட்டு எடுக்கும் ஸ்கேனால் பயனில்லை.

அந்த இடைவெளியில் கைகொடுப்பவை இரண்டு இரத்தக் குறியீடுகள். எலும்பு ஓயாமல் அரிக்கப்பட்டும், அரித்த இடத்திலேயே மீண்டும் கட்டப்பட்டும் வருகிறது, அரிப்பின்போது சி.டி.எக்ஸ். என்ற கொலாஜன் துணுக்கும், கட்டுமானத்தின்போது பி1என்பி என்ற புரதத் துணுக்கும் இரத்தத்தில் கலக்கின்றன. அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரைகள் அரிப்பைத் தடுப்பதால் முதலில் சி.டி.எக்ஸ்., பின்னர் பி1என்பி என இரண்டும் இறங்கும். மருந்துக்கு முன் எடுத்த அளவோடு ஒப்பிட, மூன்றாம் மாதத்தில் சி.டி.எக்ஸ். 56 சதவீதத்துக்கு மேலோ, பி1என்பி 38 சதவீதத்துக்கு மேலோ குறைந்திருந்தால் மருந்து எலும்பைச் சென்றடைந்துவிட்டதாகக் கொள்ளலாம். எலும்பைக் கட்டும் டெரிபாராடைடு ஊசியில் கணக்கு தலைகீழ்: அங்கே பி1என்பி முதல் மாதங்களிலேயே உயர வேண்டும், நன்றாக உயர்ந்தவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தியும் பொதுவாகக் கூடுதலாக ஏறுகிறது.

குறியீடு இறங்கவில்லையென்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் நான் கேட்பது, மாத்திரையை எப்படி விழுங்குகிறீர்கள் என்பதைத்தான். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் எதுவும் உண்ணாமலும் படுக்காமலும் இருக்க வேண்டிய அந்த மாத்திரையை, காலை உணவோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிட்டவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். சி.டி.எக்ஸ். விடியற்காலையில் உயர்ந்து பிற்பகலில் தாழ்வது, சாப்பிட்டாலும் குறைவது. முதல் முறை வெறும் வயிற்றில் காலையிலும், அடுத்த முறை மதிய உணவுக்குப் பிறகும் கொடுத்தால், மருந்தே சாப்பிடாதவருக்கும் முன்னேற்றம் தெரியும்! பி1என்பிக்கு இந்தத் தொல்லை குறைவு. அண்மையில் எலும்பு முறிந்தவர்களுக்கு இரண்டுமே பல மாதங்கள் உயர்ந்திருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சி.டி.எக்ஸ். வெளியேறாமல் தேங்கும்.

ஒருவரின் அடர்த்தி இரண்டு ஆண்டுகளில் எத்தனை சதவீதம் ஏறும் என்பதை இக்குறியீடுகளிடம் எதிர்பார்க்கக் கூடாது. சி.டி.எக்ஸ். நன்றாகக் குறைந்தும் அடர்த்தி சற்றும் ஏறாமல் நிற்பவர்கள் உண்டு. அது தோல்வி என்று எண்ணி அவர்கள் மருந்தை நிறுத்திவிடுவதுதான் எனக்குக் கவலை, ஏனெனில் அடர்த்தி ஏறாமல் நிலைத்து நின்றாலே முறிவின் அபாயம் குறைகிறது.