பூஜ்ய வரி உணவுப் பட்டியல்: நாளுக்குப் பன்னிரண்டு ராண்டில் வாங்குபவர் அறிய வேண்டியது

வேலையில்லாமல், மாத வருமானம் 624 ராண்டைத் தாண்டாமல் இருக்கும் பெரியவர் ஒருவருக்குச் சாசா எனப்படும் தென்னாப்பிரிக்கச் சமூகப் பாதுகாப்பு முகமை வழங்கும் இடர் நிவாரணத் தொகை, 2020 மே மாதம் 350 ராண்டாகத் தொடங்கி, 2024 ஏப்ரலில் 370 ராண்டாக உயர்ந்தது. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 12 ராண்ட் 33 சென்ட் வருகிறது. உடல் இயங்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை உணவிலிருந்து பெறுவதற்கே ஒருவருக்கு மாதம் 796 ராண்ட் வேண்டும் என்று அதே 2024இல் நாட்டின் புள்ளியியல் துறை கணக்கிட்டது. அதாவது நிவாரணத் தொகை, வாடகையும் பேருந்துக் கட்டணமும் சேர்க்காமல், சாப்பாட்டுச் செலவில் பாதிக்குக்கூடப் போதாது. இந்த நிலையில் இருப்பவர் கடையில் கொடுக்கும் ஒவ்வொரு சென்டும் உணவுக்குப் போகிறதா, வரிக்குப் போகிறதா என்பது சிறிய கேள்வி அல்ல. அதற்கு விடை தரும் சட்ட ஏற்பாடு ஒன்று இந்நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அதைப் பற்றியதே இவ்விளக்கம்.

தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலான பொருள்களின் மீது வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காடு. 1991 செப்டம்பர் 30 அன்று பழைய பொது விற்பனை வரிக்குப் பதிலாக 10 விழுக்காட்டில் தொடங்கிய இவ்வரி, 1993இல் 14 ஆகி, 2018 ஏப்ரல் 1 முதல் 15 ஆனது. ஏழைகளின் அடுப்பில் கைவைக்கும் வரி என்று தொழிற்சங்கங்கள் 1991 நவம்பரில் இரண்டு நாள் பொது வேலைநிறுத்தமே செய்தன. தொடக்கத்தில் பழுப்பு ரொட்டியும் மக்காச்சோள மாவுமாக இருந்த சலுகை, அதன்பின் பத்தொன்பது அடிப்படை உணவுப் பொருள்களாக விரிந்தது. இவற்றின் மீதான வரி விகிதம் பூஜ்யம். 2019 ஏப்ரல் 1 முதல் வெள்ளை ரொட்டி மாவும் கேக் மாவும் இதில் சேர்ந்தன. மாதவிடாய் அணையாடைகளுக்கும் அதே நாளில் வரி நீங்கியது.

இதற்கு விண்ணப்பம் இல்லை, அடையாள அட்டை இல்லை, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு இல்லை. சாசா தொகைக்கு மாதாமாதம் தகுதி பார்க்கப்படுகிறது. உறவினர் யாரோ கணக்கில் போட்ட சிறு தொகையை வருமானமாக எடுத்துக்கொண்டு அந்த மாதத்துப் பணத்தை நிறுத்துவதும் நடக்கிறது. பூஜ்ய வரியோ குடிமகன், அகதி, நேற்று விமானத்தில் வந்து இறங்கியவர் என்று யாரையும் கேட்பதில்லை. பொருளை மட்டுமே பார்க்கிறது. பணக்காரரும் அதே அரிசியை வரியின்றி வாங்குகிறார் என்பது இதன் மீது வைக்கப்படும் பழைய குறை. குறை உண்மைதான். ஆனால் வருமானத்தில் பெரும்பகுதியை உணவுக்கே கொடுக்கும் வீட்டில் இதன் பயன் உணரப்படும் அளவுக்கு மற்ற வீட்டில் உணரப்படாது.

பட்டியல் பொருளின் பெயரை மட்டும் சொல்லி நிற்கவில்லை, அது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் வரையறுக்கிறது. பெரும்பாலோர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். அரிசியில் சிக்கல் இல்லை: உமி நீக்கியது, தீட்டியது, புழுங்கல், நொய் எல்லாமே பூஜ்ய வரிதான். பருப்பிலும் அப்படியே. மசூர், கொண்டைக்கடலை, பட்டாணி, சர்க்கரை பீன்ஸ் என்று நாம் வாங்கும் உலர்ந்த பருப்பும் பயறும் முழுதாக இருந்தாலும், உடைத்திருந்தாலும், தோல் நீக்கியிருந்தாலும், மாவாகப் பொடித்திருந்தாலும் வரியில்லை. அவற்றோடு வேறு பொருள் சேர்த்துவிட்டாலோ மேலும் பதப்படுத்திவிட்டாலோ வரி வந்துவிடும். ஆகவே உலர்ந்த பீன்ஸ் பொட்டலத்துக்கு வாட் இல்லை. தக்காளிச் சாற்றில் ஊறிய டின் பீன்ஸுக்கு உண்டு.

ரொட்டியில் இன்னும் விசித்திரம். பழுப்பு ரொட்டிக்கு வரியில்லை, வெள்ளை ரொட்டிக்கு உண்டு. அதே வெள்ளை ரொட்டியைச் சுடும் மாவுக்கு 2019 முதல் வரியில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்களாகிய நம் வீடுகளில் ரொட்டி தட்டுவதற்குப் பெரும்பாலும் கேக் மாவைத்தான் எடுக்கிறார்கள். வரியில்லாத மாவும் வரியில்லாத எண்ணெயும் கொண்டு வீட்டில் ரொட்டி தட்டுபவர், கடையில் வெள்ளை ரொட்டி வாங்குபவர் கட்டும் வரியைக் கட்டுவதில்லை. சமையல் எண்ணெய் என்று விற்கப்படும் தாவர எண்ணெய்கள் பட்டியலில் உள்ளன; ஆலிவ் எண்ணெய் மட்டும் பெயர் சொல்லிப் பட்டியலுக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது, அதற்கு வரி உண்டு. வெண்ணெய், நெய், மார்ஜரின் மூன்றுக்கும் வரி உண்டு.

பாலும் பால் பொடியும் வரியற்றவை. புளித்த பாலாகிய மாஸும் அப்படியே. தயிர் என்று கோப்பையில் அடைத்து விற்கும் யோகர்ட்டுக்கும் கெட்டிப் பாலுக்கும் வாட் உண்டு. ஆடி மாதத்தில் டர்பன் சுற்றுவட்டாரத்து மாரியம்மன் கோயில்களில் காய்ச்சும் புளித்த கூழை எண்ணிப் பாருங்கள். கேழ்வரகு கிடைக்காத ஊரில் நம் முன்னோர் மக்காச்சோள மாவை எடுத்துக்கொண்டார்கள். மேலே மாஸ் ஊற்றி, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போடுகிறார்கள். மாவு, மாஸ், வெங்காயம், மிளகாய் நான்கும் பூஜ்ய வரிப் பட்டியலில் அடங்குபவை. உப்புக்கு மட்டும்தான் வாட். மாதக் கடைசியில் கையில் காசு குறையும்போது அந்தக் கூழை ஆடிக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

டின் மீன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் மீன் குழம்பு என்றால் பல வீடுகளில் அது டின் மீன் குழம்புதான். பில்ச்சர்ட் டின்னுக்கு வரியில்லை. டூனா டின்னுக்கு உண்டு. பில்ச்சர்டின் நெருங்கிய உறவாகிய சார்டின் டின்னுக்கும் உண்டு. சட்டமே அதைப் பெயர் சொல்லி வெளியே தள்ளியிருக்கிறது. அலமாரியில் பில்ச்சர்டும் சார்டினும் அடுத்தடுத்து நிற்கும், டின்னின் நிறம்கூட ஒன்றுபோல் இருக்கும். படத்தைப் பார்த்து எடுக்காமல் மீனின் பெயரைப் படித்து எடுப்பது நல்லது.

கோழி முட்டை பச்சையாக இருக்கும்வரை வரியற்றது. காய்கறியும் பழமும் இயற்கை நிலையில் இருந்தால் வரியில்லை, குளிரூட்டி உறைய வைத்திருந்தாலும் இல்லை. டின்னில் அடைத்தாலோ, போத்தலில் போட்டாலோ, உலர்த்தினாலோ வரி உண்டு. பழச்சாற்றுக்கும் கொட்டைகளுக்கும் வாட் உண்டு. உடைத்த மக்காச்சோளமாகிய சம்ப்பும் மீலி ரைசும் வரியற்றவை. கோழி இறைச்சி, ஆட்டிறைச்சி, சர்க்கரை, உப்பு, தேயிலை, மசாலாத் தூள் ஆகியவை பட்டியலில் இல்லை. ஏழை வீட்டுக்குள் அதிகம் நுழையும் இறைச்சி கோழிதான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும் அது இன்னும் வெளியே நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பட்டியலில் உள்ள பொருளாகவே இருந்தாலும், சமைத்து உடனே உண்ணும்படி கொடுத்தால் சலுகை போய்விடும். டர்பனின் பீன்ஸ் பனி சவ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கால் ரொட்டியின் நடுவைக் குடைந்து பீன்ஸ் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். பீன்ஸ் வரியற்றது, எண்ணெய் வரியற்றது, தக்காளியும் வெங்காயமும் வரியற்றவை. வாட் பதிவு பெற்ற உணவகம் அதை விற்கும்போது முழு விலைக்கும் 15 விழுக்காடு சேர்கிறது. பதிவு பெறாத சிறு கடை வாட் வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை. வார இறுதியில் சாட்ஸ்வொர்த்தில் பங்களாதேஷ் என்று பெயர் கொண்ட சந்தையில் கீரைக்கட்டு விற்கும் அம்மாவிடம் இந்தக் கேள்வியே எழாது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பூஜ்ய வரி வேறு, வரிவிலக்கு வேறு. வீட்டு வாடகையும் பேருந்து, டாக்ஸிக் கட்டணமும் வரிவிலக்குப் பெற்றவை. அவற்றை நடத்துபவர் டயருக்கும் பழுதுபார்ப்புக்கும் கட்டிய வாட்டைத் திரும்பப் பெற முடியாது என்பதால், அது நம் கட்டணத்துக்குள் ஒளிந்து வருகிறது. பூஜ்ய வரிப் பொருளை விற்கும் பதிவு பெற்ற கடைக்காரரோ தாம் சாக்குக்கும் மின்சாரத்துக்கும் கட்டிய வாட்டை வருவாய்த் துறையிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆகவே அரிசி மூட்டைக்குள் ஒளிந்த வரியும் இருக்கக் கூடாது என்பதே சட்டத்தின் எண்ணம்.

ஆனால் அந்த எண்ணம் விலையில் தெரிகிறதா என்பதைக் கண்காணிக்க ஆளில்லை. அரிசிக்கோ பருப்புக்கோ இங்கே விலைக் கட்டுப்பாடு கிடையாது. வரியில்லாத பொருளைக் கடைக்காரர் தம் விருப்பப்படி விலை வைத்து விற்கலாம். பாசுமதி அரிசிக்கும் வரியில்லைதான், அதனால் அது மலிவாகிவிடவில்லை. அடுப்புக்கும் விளக்குக்கும் ஊற்றும் பாரஃபினுக்கோ வரியும் இல்லை, அரசு குறிக்கும் உச்ச சில்லறை விலையும் உண்டு. மின்சாரத்துக்கு வாட் உண்டு என்பதால், பீன்ஸை இரவே ஊறவைப்பதில் மிச்சமாகும் அரை மணி நேர அடுப்பிலும் வரி மிச்சமாகிறது. நகராட்சியில் வறிய குடும்பமாகப் பதிந்தவர்களுக்கு மாதம் 50 அலகு மின்சாரம் இலவசமாகத் தர வேண்டும் என்பது 2003 முதல் நாட்டின் கொள்கை. அதற்கு விண்ணப்பம் உண்டு; நகராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும்.

அலமாரியில் ஒட்டியிருக்கும் விலைக்குள் வாட் அடங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். எனவே வாங்கும்போது வரி கண்ணில் படாது, ரசீதில்தான் தெரியும். பெரும்பாலான பெரிய கடைகள் வரியற்ற பொருளுக்கோ வரியுள்ள பொருளுக்கோ பக்கத்தில் ஓர் எழுத்தையோ நட்சத்திரக் குறியையோ போட்டு, மொத்த வாட் எவ்வளவு என்று அடியில் அச்சிடுகின்றன. குறி கடைக்குக் கடை மாறும் என்பதால் ரசீதின் அடியில் உள்ள விளக்கத்தை ஒருமுறை படித்துவிட வேண்டும். கணக்கு எளிது: வரியுள்ள பொருளின் விலையை 115ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் அதற்குள் இருக்கும் வரி வரும். 23 ராண்ட் பொருளில் வரி 3 ராண்ட். ஒருவர் தம் 370 ராண்டையும் வரியுள்ள பொருள்களிலேயே செலவிட்டால், அதில் 48 ராண்ட் 26 சென்ட் வரியாகப் போகும். நாளுக்கு 12 ராண்ட் 33 சென்ட் என்ற அளவில் அது ஏறக்குறைய நான்கு நாள் சாப்பாடு. 2025 ஏப்ரலில் 560 ராண்டாக உயர்ந்த குழந்தை ஆதரவுத் தொகைக்கும் இதே கணக்கைப் போட்டால் 73 ராண்ட் வருகிறது.

யாரும் முழுப் பணத்துக்கும் வரியற்ற பொருளையே வாங்கிவிட முடியாது. உப்பும் மஞ்சளும் தேயிலையும் இல்லாமல் வீடு நடக்காது. ஆயினும் ரசீதை ஒரு மாதம் சேர்த்து வைத்து அடியில் உள்ள வாட் தொகைகளைக் கூட்டிப் பார்த்தால், எந்த இரண்டு மூன்று பொருளை மாற்றினால் போதும் என்பது தெரிந்துவிடும். என் அனுபவத்தில் அவை பெரும்பாலும் வெள்ளை ரொட்டியும் டின் காய்கறியும் குளிர்பானமும்தான்.

ரசீதில் தவறும் நேரும். சென்ற ஆண்டு நான் வாங்கிய உடைத்த மசூர் பருப்பு வாட் உள்ள பொருளாகப் பதிவாகியிருந்தது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். ரசீதைக் காட்டியதும் மேலாளர் கணினியில் பார்த்து, பருப்பு வேறு பிரிவில் பதிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு வித்தியாசத்தைத் திருப்பித் தந்தார். இரண்டு ராண்டுக்குச் சற்றுக் கூடுதல். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் முகம் சுளித்தார், அவர் சுளிக்கட்டும். பொருளையும் ரசீதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் ஒரு பிழை பரவியிருப்பதையும் குறிப்பிட வேண்டும். 2025 மார்ச் 12 அன்று நிதியமைச்சர் ஈனொக் கொடொங்வானா தாக்கல் செய்த வரவுசெலவுத் திட்டம், வாட்டை மே 1 முதல் 15.5 விழுக்காடாக உயர்த்துவதாகவும், அதற்கு ஈடாக டின் காய்கறி, திரவப் பால் கலவை, ஆடு மாடு கோழி ஆகியவற்றின் தலை, கால், நாக்கு, எலும்பு, குடல் போன்றவற்றைப் பூஜ்ய வரிப் பட்டியலில் சேர்ப்பதாகவும் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியதால் ஏப்ரல் 24 அன்று உயர்வு கைவிடப்பட்டது. அதோடு பட்டியலின் விரிவாக்கமும் கைவிடப்பட்டது. ஆகவே சேராமல் போன பொருள்களைச் சேர்ந்தவையாகக் காட்டும் பட்டியலை நம்பிக் கடைக்காரரிடம் வாதிட வேண்டாம். ஆட்டுக்கால் போட்டுப் பீன்ஸ் சமைக்கும் நம் வீடுகளில், பீன்ஸுக்கு வரியில்லை, ஆட்டுக்காலுக்கு உண்டு.