ஏர் டிரையர் வாங்குமுன்: உங்கள் ஆலைக்கு எவ்வளவு உலர்ந்த காற்று வேண்டும்?

கோவை, திருப்பூர் வட்டார ஆலைகளுக்கு மின்சிக்கனத் தணிக்கைக்குச் செல்லும்போதெல்லாம் ஒன்றைக் காண்கிறேன். கம்ப்ரசர் இழுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கணக்கு வைத்திருக்கும் நிர்வாகம், அதன் பக்கத்திலேயே நின்று அழுத்தக் காற்றின் ஈரத்தை நீக்கும் டிரையரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஹீட்டர் இல்லாமல் இயங்கும் ஹீட்லெஸ் டிரையரின் பெயர்ப்பலகையில் மிகச் சிறிய வாட் அளவு மட்டுமே இருப்பதால், அது செலவே வைக்காத கருவி என்ற எண்ணம் ஏற்பட்டுவிடுகிறது. உண்மையில் அது தனக்கு வேண்டிய ஆற்றலை, கம்ப்ரசர் மின்சாரம் செலவழித்து அழுத்திக் கொடுத்த காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

இந்த டிரையரின் இரண்டு கோபுரங்களிலும் ஈரத்தை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் அலுமினா மணிகள் நிரம்பியிருக்கும். ஒரு கோபுரம் காற்றை உலர்த்தும்போது, உலர்ந்த காற்றில் சுமார் 15 சதவீதம் மற்றொரு கோபுரத்துக்குள் வளிமண்டல அழுத்தத்துக்கு விரிந்து, மணிகள் உறிஞ்சிய ஈரத்தை வாரிக்கொண்டு சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. கம்ப்ரசர் அறையில் ஓயாமல் கேட்கும் அந்தச் சீறல், பணம் வெளியேறும் ஓசை. 500 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 500 கன அடி) டிரையர் என்றால் இப்படி வெளியேறும் பர்ஜ் காற்று 75 சி.எஃப்.எம். ஆகும், 7 பார் அழுத்தத்தில் அதை உருவாக்க ஏறத்தாழ 14 கிலோவாட் வேண்டும். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 1,10,000 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று கொண்டாலும் ஏழரை லட்சத்தைத் தாண்டுகிறது. காற்றைக் குளிர்வித்து ஈரத்தை நீராகப் பிரிக்கும் ரெஃப்ரிஜிரேட்டட் டிரையருக்கு, அதே அளவுக்கு, இரண்டு, இரண்டரை கிலோவாட் போதும்.

இதைவிடக் கவலை தருவது பகுதிச் சுமை. பர்ஜ் அளவு டிரையரின் முழுக் கொள்ளளவுக்கு ஏற்ப ஓரிஃபிஸில் (சிறு துளையில்) நிலையாக அமைக்கப்படுவதால், இரவு ஷிப்டில் ஆலையின் தேவை பாதியாகக் குறைந்தாலும் வெளியேறும் காற்று குறைவதில்லை. அப்போது இழப்பு, பயன்படும் காற்றில் 30 சதவீதமாகிவிடுகிறது. பிற்காலத் தேவைக்கும் இருக்கட்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே விலைப்பட்டியலைப் பிரிக்கும் முன், தேவைப்படும் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை) எது என்பதை முடிவு செய்யுங்கள். அழுத்தக் காற்றின் தூய்மைக்கான ஐஎஸ்ஓ 8573-1 தரத்தில் ஈரத்துக்கான 4-ஆம் வகுப்பு, அழுத்தப் பனிநிலை (அழுத்தத்தில் உள்ள காற்றின் பனிநிலை) +3 டிகிரி. 2-ஆம் வகுப்பு, மைனஸ் 40 டிகிரி. நூலைக் கூம்பில் சுற்றும் ஆட்டோகோனர், காற்றால் ஊடை செலுத்தும் ஏர்ஜெட் தறி, காற்றழுத்தத்தால் இயங்கும் சாதாரண நியூமேட்டிக் சிலிண்டர் ஆகியவற்றுக்கு +3 போதும். நம் சமவெளியில் குழாய் எந்தக் காலத்திலும் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை என்பதால் உள்ளே நீர் திரள வழியில்லை. (ஊட்டியின் உறைபனி இரவில் திறந்தவெளியில் ஓடும் குழாய் என்றால் நிலைமை வேறு.) ஈரத்தை இழுக்கும் மருந்துப் பொடியைக் கையாளும் ஒரு பிரிவுக்கு மைனஸ் 40 தேவைப்படுகிறது என்பதற்காக ஆலை முழுவதற்கும் அந்தக் காற்றைக் கொடுப்பது வீண், அந்தக் கிளைக் குழாயில் மட்டும் ஒரு சிறிய டிரையரைப் பொருத்தினால் வேலை முடிந்தது.

ரெஃப்ரிஜிரேட்டட் டிரையரைத் தேர்ந்தெடுக்கும்போது, கேட்டலாகில் உள்ள கொள்ளளவை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது பெரும்பாலும் 35 டிகிரி உள்வரும் காற்றுக்கும் 25 டிகிரி சுற்றுவெப்பத்துக்கும் சொல்லப்படுவது. நம் கோடையில் காற்றுக் குளிர்விப்புள்ள கம்ப்ரசரிலிருந்து 45 முதல் 50 டிகிரியில் காற்று வரும். 45 டிகிரிக் காற்று, 35 டிகிரிக் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான ஈரத்தைச் சுமந்து வருகிறது. உற்பத்தியாளர் தரும் திருத்தக் காரணிகளைப் பெருக்கிப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும். சுமை ஏறி இறங்கும் ஆலையாக இருந்தால், தேவைக்கேற்ப நின்று ஓடும் சைக்கிளிங் வகையோ மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி வகையோ கூடுதல் விலைக்கு ஈடு கொடுக்கும். நூற்பாலைகளுக்கு இன்னொரு சொல்: கண்டன்சர் துடுப்புகளில் பஞ்சு படிந்து மெத்தைபோல் மூடிவிட்ட டிரையர், எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் +3 டிகிரியைத் தராது, எளிதில் ஊதிச் சுத்தம் செய்யும் இடத்தில் அதை நிறுத்துங்கள்.

மைனஸ் 40 உண்மையிலேயே வேண்டும் என்றால், வாங்கும் விலை குறைவு என்பதற்காக மட்டும் ஹீட்லெஸ் வகைக்குப் போக வேண்டாம். பெரிய கொள்ளளவுகளில், வெளிக்காற்றைச் சூடாக்கி மணிகளை உலர்த்தும் புளோயர் வகையில் பர்ஜ் இழப்பு மிகக் குறைவு. எண்ணெயற்ற கம்ப்ரசர் வைத்திருப்போருக்கு, அழுத்தும்போது பிறக்கும் வெப்பத்தையே மீட்டுப் பயன்படுத்தும் ஹீட் ஆஃப் கம்ப்ரஷன் டிரையர் உள்ளது. ஆனால் கம்ப்ரசரின் சுமை குறையும்போது பனிநிலை எந்த அளவுக்கு மாறும் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே ஹீட்லெஸ் டிரையர் ஓடும் ஆலைகள், பனிநிலையை அளந்து கோபுர மாற்றத்தைத் தள்ளிவைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினால் பகுதிச் சுமை இழப்பைப் பெருமளவு குறைக்கலாம்.

கொட்டேஷன் கேட்கும்போது உங்கள் இடத்து வெப்பநிலையில் கிலோவாட் எவ்வளவு, பர்ஜ் எவ்வளவு, முன், பின் ஃபில்டர்களையும் சேர்த்து அழுத்த இழப்பு எவ்வளவு என்ற மூன்றையும் எழுதிக் கேளுங்கள். அழுத்த இழப்பை ஈடுகட்டக் கம்ப்ரசரின் அழுத்தத்தை 1 பார் உயர்த்தினால் மின்செலவு 6 முதல் 7 சதவீதம் கூடுகிறது. அதனால் டிரையரில் 0.2 பாருக்கு மேல் இழப்பு காட்டும் கொட்டேஷனை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், இந்தச் செலவையும் சேர்த்துத்தான் மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும்.