ஏரிக்கு முன்பே நிற்க வேண்டிய செம்மண்

பெங்களூர் இராமமூர்த்தி நகரில் வசிக்கும் வாசகி ஒருவர் ஒரு கேள்வி எழுப்பியிருக்கிறார். அவர்களுடைய குடியிருப்போர் சங்கம் பக்கத்து ஏரியைச் சுற்றிப் புங்கனும் நாவலும் நீர்மருதும் நடப்போகிறதாம். "மரம் வைத்தால் ஏரித் தண்ணீர் எப்படிம்மா சுத்தமாகும், வேர் அழுக்கையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளுமா?" என்று மகள் கேட்டபோது தமக்குப் பதில் தெரியவில்லை என்கிறார். வேர் ஓரளவு உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் பெரும்பங்கு வேலையைச் செய்வது மண். அந்த வேலைக்குத் தேவையான இடத்தையும் அவகாசத்தையும் மண்ணுக்கு வாங்கித் தருபவை மரமும் புதரும்.

ஏரி பாசி பிடித்துப் பச்சையாவதற்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் காரணம் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். நன்னீர் ஏரிகளில் இவ்விரண்டில் பெரும்பாலும் கடிவாளத்தைப் பிடித்திருப்பது பாஸ்பரஸ். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 226 என்ற எண்ணிட்ட சிறிய ஏரியை 1973-இல் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் கார்பனையும் நைட்ரஜனையும் இட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் பெற்ற பாதி நீலப்பச்சைப் பாசியால் மூடியது; மறுபாதி தெளிவாகவே இருந்தது. ஆகவே மரம் நடுவதால் என்ன பயன் என்று கேட்டால், முதலில் பாஸ்பரஸ் எந்த வழியாக ஏரிக்குள் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பெங்களூரின் மண் சிவப்பாக இருப்பது இரும்பு ஆக்சைடுகளால். களிமண் துகள்களின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும் இந்த ஆக்சைடின் பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இணைகள்) வரிசையாக இருக்கின்றன. பாஸ்பரஸ் ஆக்சிஜனோடு சேர்ந்து நீரில் கரைந்திருக்கும் வடிவமான பாஸ்பேட் அருகில் வந்தால் ஒரு ஹைட்ராக்சிலை விலக்கிவிட்டு, தன் ஆக்சிஜன் வழியாக நேரடியாக இரும்போடு பிணைந்துகொள்கிறது. இது வலுவான பிணைப்பு. வெறும் மழைநீர் எளிதில் கழுவிவிடாது. அதனால் மழை பெய்து காலி மனைகளிலும் தோட்டங்களிலும் மண் அரிக்கும்போது, பாஸ்பரஸின் பெரும்பகுதி தனியாகக் கரைந்து வராமல் இந்தச் செம்மண் துகள்களின் முதுகில் ஏறி வருகிறது.

இரும்பு இவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தால் அந்த மண் ஏரிக்குள் போய் அடியில் படிவதில் என்ன கெடுதல்? என்னைப் பல ஆண்டுகளாக வியப்பில் ஆழ்த்தும் வேதியியல் இந்தக் கேள்வியின் விடையில்தான் இருக்கிறது. காற்றோட்டமுள்ள நிலத்தில் இரும்பு ஃபெரிக் நிலையில், நீரில் கரையாத துருவாக இருக்கிறது. கழிவுநீர் கலந்த ஏரியின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோனதும், அங்குள்ள சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக அந்தத் துருவையே சுவாசத்திற்குப் பயன்படுத்துகின்றன. எலக்ட்ரானைப் பெற்ற இரும்பு ஃபெரஸ் நிலைக்கு மாறி நீரில் கரைகிறது. அது கரைந்ததும் அதன் பிடியிலிருந்த பாஸ்பேட்டும் விடுபட்டு மேலே வருகிறது. வேறு சில பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிட, அது இரும்போடு சேர்ந்து கறுப்பான இரும்பு சல்பைடாகப் படிகிறது. அதன்பின் பாஸ்பேட்டைத் திரும்பப் பிடிக்க இரும்பு மிச்சமிருப்பதில்லை. தூர்வாரும்போது அள்ளிக் குவிக்கும் சேறு கருகருவென்று அழுகிய முட்டை வாடையோடு இருப்பதும், கரையில் சில நாள் கிடந்த பிறகு அதன் ஓரங்கள் பழுப்புச் சிவப்பாகத் திரும்புவதும் இதே இரும்பு நிலை மாறுவதால்தான். நிலத்தில் பூட்டாக இருக்கும் துகள், ஏரிக்கு அடியில் போனால் திறந்த பெட்டியாகிவிடுகிறது. ஆகவே அதை நிலத்திலேயே நிறுத்தியாக வேண்டும்.

நிறுத்துவது எளிதன்று. அசையாத நீரில் 0.1 மி.மீ. மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும், 0.01 மி.மீ. வண்டல் துகளுக்கு 3 மணி நேரம், 0.001 மி.மீ. களிமண் துகளுக்கு ஏறக்குறைய 13 நாள். அளவு பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. மழைநாளில் தெருவோரம் ஓடும் செந்நீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஜன்னலருகே வைத்துப் பாருங்கள். மணல் உடனே அடியில் தங்கும், நீரின் சிவப்போ நாள்கணக்கில் தெளியாது. பாஸ்பேட்டைச் சுமப்பதில் முதன்மையானது அந்தத் தெளியாத நுண்துகள்தான். புதரும் புல்லும் ஓட்டத்தைத் தடுத்து மணலையும் வண்டலையும் படியவைக்கும். களிமண்ணைப் பிடிக்கவோ நீர் நிலத்துக்குள் இறங்கியே தீர வேண்டும். அதற்கான வழிகளைத் திறப்பவை வேர்கள். நுண்வேர்கள் தொடர்ந்து மடிந்து புதுப்பிக்கப்படுவதால், மட்கிய ஒவ்வொரு வேரும் ஒரு நுண்குழாயை விட்டுச் செல்கிறது. சருகு தின்னும் மண்புழுவும் கறையானும் தம் பங்குக்குத் துளையிடுகின்றன. அந்தத் துளைகள் நீரோடு காற்றையும் உள்ளே விடுவதால் இரும்பு துருவாகவே நீடித்து, பூட்டு பூட்டாகவே இருக்கிறது.

இரண்டு பக்கமும் வெட்டிய பால்மாவு டப்பா ஒன்றை நொச்சிப் புதரின் அடியில் இரண்டு விரற்கடை அழுத்தி ஒரு லிட்டர் நீர் ஊற்றினேன். நண்பரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே நீர் உள்ளே போய்விட்டது. நாலடி தள்ளி, நடந்து நடந்து இறுகிய நடைபாதை மண்ணில் ஊற்றிய நீர் நாங்கள் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியபோதும் டப்பாவுக்குள் நின்றது.

நம் ஊர் மரம், நம் ஊர்ப் புதர் என்று நான் வற்புறுத்துவதற்கு மண்பற்று காரணமில்லை. புல்தரைக்கும் அலங்காரச் செடிக்கும் உரமிட வேண்டும், அந்த உரத்திலேயே பாஸ்பரஸ் இருக்கிறது. கோடை வறட்சியையும் மழைக்காலத்து நீர்த் தேக்கத்தையும் ஒருசேரத் தாங்கும் புங்கனுக்கும் நீர்மருதுக்கும், வேரூன்றிய பிறகு உரமே தேவையில்லை. அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைக்கும் நொச்சி, நீரோட்டத்தின் குறுக்கே வேலி போல நிற்கும். மரங்களைச் சற்றுத் தள்ளியும் புதர்களை நீருக்கு நெருக்கமாகவும் வைப்பது நல்லது, ஏனெனில் ஏரிக்குள் உதிரும் சருகும் பாஸ்பரஸைக் கொண்டுசெல்லும்.

இனி இடம். பெங்களூர் ஏரிகள் பள்ளத்தாக்கின் குறுக்கே கரை கட்டி உண்டாக்கியவை. கரை தாழ்ந்த பக்கத்தில் இருக்கும். நீர் வருவதோ எதிர்ப்புறத்து உள்வாய் வழியாக. இருந்தும் கன்று நடும் விழாக்கள் பெரும்பாலும் நடைபாதை உள்ள கரைமேல்தான் நடக்கின்றன. அங்கே நிற்கும் மரம் நிழல் தரும், பறவைக்கு இடம் தரும், ஆனால் வரும் நீரை ஒருபோதும் தொடாது. ஏரியைச் சுற்றி 75 மீட்டர் கட்டடமின்றி விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் சொன்னதும், 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியதும் பெரிதாகப் பேசப்பட்டன. எந்தப் பக்கத்தில் எத்தனை மீட்டர் என்ற கேள்வியும் அதே அளவு பேசப்பட்டிருக்க வேண்டும்.

சாக்கடை ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக நேராக ஏரிக்குள் விழுந்தால் எந்தப் புதரும் அதைத் தடுக்காது. நுரை பொங்கி, 2018-இல் தீயும் பிடித்த பெள்ளந்தூர் ஏரிக்குத் தேவை முதலில் குழாயும் சுத்திகரிப்பும்தான். அதன்பின் ஜக்கூர் ஏரியில் செய்திருப்பதைப் போல, சுத்திகரித்த நீரை நாணல் வளர்ந்த சதுப்பு வழியாக உள்ளே விடலாம். கன்றுக்கும் கல்வெட்டுக்கும் கிடைக்கும் பணத்தில் சிறு பங்கு, நடுவதற்கு முன்னும் பின்னும் உள்வாயில் நீரெடுத்து பாஸ்பரஸை அளக்கக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. அளக்காவிட்டால் நட்டது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

அந்த மகளுக்கு ஒரு வேண்டுகோள்: கன்றுகள் வருவதற்கு முன், நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் அம்மாவோடு குடை பிடித்துக்கொண்டு ஏரியின் உள்வாய்ப் பக்கம் போய், செந்நீர் எந்தெந்த இடத்தில் இறங்குகிறது என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்து சங்கத்தாரிடம் கொடுக்க வேண்டும். முதல் வரிசை நொச்சியை அந்த இடங்களில், நீர் வரும் திசைக்குக் குறுக்கே நடலாம்.